கட்டணம் ஏப்ரலில், மானியம் அடுத்த ஆண்டில்: படைவீரர் பிள்ளைகளின் விடுதிச் செலவு குறித்து ஒரு திறந்த மடல்

பாதுகாப்பு அமைச்சகச் செயலர் அவர்களுக்கும், பாதுகாப்புக் கணக்குத் துறையின் தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கும், தமிழ்நாட்டு விடுதிப் பள்ளிகளின் முதல்வர்கள், தாளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்னையில் ஆவடி, தாம்பரம், பரங்கிமலை, நந்தம்பாக்கம் பகுதிகளில் இருக்கும் படைவீரர் குடும்பங்களுக்குக் கல்விப் படி, விடுதி மானிய விண்ணப்பங்களைத் தயார் செய்து கொடுப்பவர்கள் நாங்கள். அரசு பணம் தர மறுக்கிறது என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஆணை இருக்கிறது, நிதி இருக்கிறது. பள்ளி பணம் கேட்கும் நாளில் அது வீட்டுக்கு வருவதில்லை. ஓராண்டு கழித்து வரவேண்டிய நேரத்திலும் சான்றிதழில் ஒரு வரி சரியில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிடுகிறது. நாங்கள் கேட்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிதாக ஒரு ரூபாய்கூட ஒதுக்க வேண்டியதில்லை.

விதி என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 2018 ஜூலை 17 அன்று வெளியிட்ட ஒருங்கிணைந்த ஆணைதான் இன்றும் அடிப்படை. மூத்த பிள்ளைகள் இருவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கல்விப் படி உண்டு. பிள்ளை 50 கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் விடுதிப் பள்ளியில் தங்கிப் படித்தால் விடுதி மானியம் உண்டு. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதால் 2024 ஜனவரி 1 முதல் இரண்டும் 25 சதவீதம் கூடின. கல்விப் படி மாதம் 2,250 ரூபாயிலிருந்து 2,812.50 ஆனது. விடுதி மானியத்தின் உச்சவரம்பு 6,750 ரூபாயிலிருந்து 8,437.50 ஆனது. ஆண்டுக்கு என்று பார்த்தால் விடுதி மானியம் மட்டும் ஒரு பிள்ளைக்கு 1,01,250 ரூபாய் வரை. கல்விப் படி நிலையான தொகை. எவ்வளவு செலவானது என்று யாரும் கேட்பதில்லை. விடுதி மானியம் அப்படியல்ல. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டிய தொகை, உச்சவரம்பு, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். பாதிச் சிக்கல் இந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்புகிறது.

'கேந்திரிய வித்யாலயா இருக்கும்போது விடுதி எதற்கு' என்று கணக்குத் துறையில் சிலர் கேட்பதுண்டு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இடமாற்றம், நடுவில் குடும்பத்தை அழைத்துப் போக முடியாத பீல்டு ஏரியா பணி என்பது படைவீரர் வாழ்க்கை. ஒன்பதாம் வகுப்பு வரை ஜபல்பூரிலும் பட்டிண்டாவிலும் இந்தி படித்த பிள்ளை, அப்பா ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பி மாநிலப் பாடத்திட்டத்தில் சேர்ந்தால் தமிழைத் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியிருக்கிறது. அது சரியான சட்டம் என்பதே எங்கள் கருத்து. அதனால்தான் பல பெற்றோர் ஆறாம் வகுப்பிலேயே பிள்ளையை நாமக்கல், ராசிபுரம், சேலம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்துவிடுகிறார்கள். அமராவதிநகர் சைனிக் பள்ளியிலும், நாட்டில் மொத்தமே ஐந்து இருக்கும் ராஷ்ட்ரிய மிலிட்டரி பள்ளிகளில் நமக்கு அருகிலுள்ள பெங்களூரு பள்ளியிலும் இடம் கிடைப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்குத் தனியார் விடுதிப் பள்ளிதான் வழி.

இப்போது காலக்கணக்கு. தனியார் விடுதிப் பள்ளிகள் முதல் தவணையை ஏப்ரலிலோ மே மாதத்திலோ கேட்கின்றன. அத்துடன் சேர்க்கைக் கட்டணம், டெபாசிட், யூனிபார்ம், பாய் தலையணை வரை ஒரே பட்டியலாக வரும். இரண்டாம் தவணை அக்டோபரில். மானியமோ நிதியாண்டு முடிந்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறைதான். 2025 ஏப்ரலில் கட்டிய பணத்துக்கான சான்றிதழ் 2026 ஏப்ரலில் கிடைக்கும்; அது யூனிட் வழியாகப் போய், பார்ட்-டூ ஆர்டர் (வீரரின் குடும்ப, பணி விவரங்களை யூனிட் பதிவு செய்து வெளியிடும் ஆணை) வெளியாகி, கணக்கு அலுவலகத்தில் தணிக்கை முடிந்து சம்பளத்தில் ஏற ஜூன், ஜூலை ஆகிவிடும். இடையில் குடும்பம் என்ன செய்யும்? பெரும்பாலும் நகை அடகுக்குப் போகிறது. 1,01,250 ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 14 மாதம் வைத்திருந்தால் வட்டி மட்டும் 14,175 ரூபாய். ஒன்றரை மாத விடுதி மானியத்துக்கும் மேலான தொகை வட்டிக்கடைக்குப் போய்விடுகிறது. இதற்குள் அடுத்த ஆண்டின் முதல் தவணைக்கும் நாள் வந்திருக்கும்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதை நினைவுபடுத்துகிறோம். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2008 செப்டம்பர் 2 அன்று வந்த ஆணையில், காலாண்டுக்கு ஒருமுறை கோரலாம் என்றே இருந்தது. ஒரு காலாண்டில் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் கோரலாம். ஆண்டு உச்சவரம்பைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். ஏழாவது ஊதியக் குழு ரசீதுக் கட்டுகளைக் குறைக்க விரும்பி, தலைமையாசிரியர் சான்றிதழ் ஒன்றே போதும், ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்று பரிந்துரைத்தது. நிலையான தொகையான கல்விப் படிக்கு அது நல்ல மாற்றம். அதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆனால் பெருந்தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டிய விடுதிச் செலவையும் அதே வண்டியில் ஏற்றியதுதான் தவறு. பிரிட்டன் படையினருக்கான கல்வித் தொடர்ச்சிப் படி பருவத்துக்குப் பருவம் வழங்கப்படுகிறது. கட்டணத்தில் குறைந்தது 10 சதவீதத்தைப் பெற்றோர் ஏற்கிறார்கள். அந்த அளவுத் தொகையை நாங்கள் கேட்கவில்லை. பருவத்துக்குப் பருவம் என்ற ஒழுங்கை மட்டும் கேட்கிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். முதல் தவணை ரசீதையும் சேர்க்கைச் சான்றையும் கொடுத்ததும், ஆண்டு உச்சவரம்பில் பாதியை ஜூன் மாதச் சம்பளத்தோடு முன்பணமாகக் கொடுங்கள். அக்டோபர் ரசீதுக்குப் பிறகு நான்கில் ஒரு பங்கு. மீதியை ஆண்டு முடிவுச் சான்றிதழ் வந்ததும் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். பிள்ளை நடுவில் விடுதியை விட்டு வெளியேறினால் கூடுதலாகப் போன தொகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். விடுப்புப் பயணச் சலுகைக்கு முன்பணம் கொடுத்துப் பின்னர் நேர்செய்யும் முறை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. அதே படிவம், அதே பிடித்தம்.

அடுத்து, விண்ணப்பங்கள் ஏன் திரும்புகின்றன என்பது. பள்ளி முதல்வர்களும் தாளாளர்களும் இந்தப் பகுதியைத் தங்கள் கணக்காளரிடம் படிக்கக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

விடுதிப் பள்ளி ரசீது பெரும்பாலும் ஒரே வரியில் இருக்கும்: 'ஆண்டுக் கட்டணம், ரூபாய் 2,10,000.' இதில் படிப்புக்கு எவ்வளவு, தங்குவதற்கும் மெஸ்ஸுக்கும் எவ்வளவு என்று தெரியாது. 2018 ஆணையோ தங்குமிடத்துக்கும் உணவுக்கும் ஆன தொகையைச் சான்றிதழ் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது. பிரித்துக் காட்டாத சான்றிதழை வைத்துத் தணிக்கையாளரால் ஒரு ரூபாயும் தர முடியாது. அவரைக் குறை சொல்ல முடியாது. பிரித்துக் காட்டும்போதும் ஒரு கண்ணி உண்டு. உண்மையில் விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் ஆண்டுக்கு 96,000 ரூபாய் வாங்கும் பள்ளி, மெஸ் பணத்தை 'இதர கட்டணம்' என்ற தலைப்பில் போட்டு, 'விடுதிக் கட்டணம் 60,000' என்று மட்டும் எழுதிவிடும். அந்தப் பெற்றோருக்கு மாதம் 8,000 கிடைக்க வேண்டிய இடத்தில் 5,000தான் கிடைக்கும். பள்ளிக்கு எந்த நட்டமும் இல்லை. குடும்பத்துக்கு 36,000 ரூபாய் நட்டம். யாரும் தொகையை ஏற்றிக் காட்ட வேண்டாம். உள்ளதை உள்ள தலைப்பில் எழுதினால் போதும். சலவை, முடிவெட்டு, கைச்செலவுப் பணம், திருப்பித் தரப்படும் டெபாசிட் ஆகியவை மானியத்தில் சேரா. அவற்றைச் சேர்த்து எழுதினால் அதற்காகவும் விண்ணப்பம் திரும்பும்.

சான்றிதழில் இருக்க வேண்டியவை: பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், வகுப்பு, சேர்க்கை எண், கல்வியாண்டு தொடங்கிய நாளும் முடிந்த நாளும், அந்த ஆண்டு முழுவதும் பள்ளி வளாக விடுதியில் தங்கிப் படித்தார் என்ற வாக்கியம், தங்குமிடம், உணவு இரண்டுக்கும் பெற்ற மொத்தத் தொகை எண்ணிலும் எழுத்திலும், பள்ளியின் அங்கீகார எண்ணும் வாரியத்தின் பெயரும், நிறுவனத் தலைவரின் கையொப்பம், பெயர், முத்திரை, தேதி. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பணம் தொடர்பான தாள்களில் தாளாளர் கையெழுத்திடுவது வழக்கம். ஆணை நிறுவனத் தலைவர் என்கிறது. முதல்வரோ தலைமையாசிரியரோ போட்டால்தான் தணிக்கையில் கேள்வி வராது. தேதியையும் கவனியுங்கள். மார்ச் முதல் வாரத்தில் கேட்டார்கள் என்று அன்றே கொடுத்துவிட்டால், 'ஆண்டு முழுவதும் படித்தார்' என்ற வாக்கியம் ஆண்டு முடியும் முன்பே எழுதியதாகிவிடும். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் 'ஜூன் முதல் ஏப்ரல் வரை' என்று எழுதும்போது பதினொரு மாதத்துக்குத்தான் கணக்குப் போடப்படுகிறது. கல்வியாண்டு என்றால் முழுப் பருவத்துக்கும் பன்னிரண்டு மாதம் என்று ஆணையே சொல்கிறது. இந்த வெட்டு சரியல்ல. கணக்குத் துறை இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

இன்னொன்று, பள்ளியை ஓர் அறக்கட்டளையும் விடுதியை வேறொரு அறக்கட்டளையும் நடத்தும் வளாகங்கள். சுவர் ஒன்று, வாசல் ஒன்று. ரசீதுப் புத்தகம் மட்டும் இரண்டு. விடுதி ரசீதில் பள்ளியின் பெயரே இருக்காது. வெளியே தனியார் ஹாஸ்டலில் தங்கியதாக எடுத்துக்கொண்டு மறுத்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட பள்ளிகள், இரண்டும் ஒரே வளாகத்தில் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்குகின்றன என்று முதல்வரின் சான்றிதழிலேயே ஒரு வாக்கியம் சேர்த்துவிட வேண்டும்.

பெயர்ப் பிரச்சினை தமிழ்க் குடும்பங்களுக்கே உரியது. நமக்கு இனிஷியல், ராணுவப் பதிவேட்டுக்குக் குடும்பப் பெயர். பள்ளியில் 'க. நிலா', ஆதாரில் 'நிலா கதிரவன்', பார்ட்-டூ ஆர்டரில் வெறும் 'நிலா' என்று ஒரே பிள்ளை மூன்று பேராகிவிடுகிறாள். செகந்திராபாத்திலோ நாசிக்கிலோ இருக்கும் கணக்காளருக்கு இனிஷியல் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து என்று தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் திருப்பி அனுப்புகிறார். குடும்பம் அபிடவிட் எடுக்க நோட்டரியிடம் ஓடுகிறது. பிறந்த தேதியும் தந்தை பெயரும் பொருந்தினால் இனிஷியல் வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம் என்று கணக்குத் துறை ஓர் அறிவுறுத்தல் கொடுத்தால் இந்த அலைச்சல் முழுக்க நின்றுவிடும். அதுவரை, பிள்ளை பிறந்தவுடன் பார்ட்-டூ ஆர்டரில் எந்த எழுத்துக்கூட்டலில் பெயர் பதிவானதோ அதையே பள்ளியில் சேர்க்கும்போதும் கொடுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லி வருகிறோம். இரண்டாம் பிள்ளையின் பிறப்பு பதிவாகவே இல்லை என்பது பள்ளியில் சேர்த்த பிறகு தெரியவருவதும் உண்டு. அப்போது முதல் வேலை பிறப்பைப் பதிவு செய்வதுதான். மானியம் அதன் பிறகு.

50 கிலோமீட்டர் விதிக்கு வருகிறோம். 'அரசு ஊழியரின் வசிப்பிடத்திலிருந்து' என்கிறது ஆணை. மேசையில் வேலை பார்ப்பவருக்கு இதில் குழப்பமே இல்லை. அருணாச்சல எல்லையில், தவாங்கில் பணியில் இருக்கும் ஹவில்தாருக்கு வசிப்பிடம் எது? அவர் பங்கரா, அவருடைய மனைவி இருக்கும் தாம்பரம் குவார்ட்டர்ஸா? பிள்ளை செங்கல்பட்டு விடுதியில் என்றால் தாம்பரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ஒரு தணிக்கைப் பிரிவு பணியிடத்தைக் கணக்கில் எடுத்து மானியம் தருகிறது. இன்னொன்று குடும்பக் குவார்ட்டர்ஸை எடுத்து மறுக்கிறது. ஒரே ரேங்க், ஒரே பள்ளி, இரண்டு முடிவு. பீல்டு ஏரியாவில் இருக்கும் வீரருக்குப் பணியிடமே வசிப்பிடம் என்று எழுத்தில் தெளிவுபடுத்துங்கள். தூரத்துக்கு எந்த ஆவணம் போதும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். தாசில்தாரிடம் தூரச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்வது யாருக்கும் பயன்படாத வேலை. சாலைவழித் தூரத்தைக் காட்டும் வரைபட அச்சில் வீரரே கையெழுத்திட்டால் போதாதா?

பிள்ளை ஒரு வகுப்பில் தேறாவிட்டாலும் படி நிற்காது, இடமாற்றத்தால் புதிய பள்ளியில் மறுபடியும் அதே வகுப்பில் சேர்ந்தாலும் கிடைக்கும் என்று ஆணையில் தெளிவாகவே இருக்கிறது. யூனிட் கிளார்க்குகள் பலருக்கு இது தெரியவில்லை. விண்ணப்பமே வாங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். அதனால் ஆணையின் அந்தப் பத்திகளை நகலெடுத்து விண்ணப்பத்தோடு இணைத்தே அனுப்புகிறோம்.

எங்களை மிகவும் வருத்துவது, பணியில் இருக்கும்போது இறந்துபோன வீரர்களின் குடும்பங்கள் படும் பாடு. போரில் வீழ்ந்தோர், காணாமற்போனோர், ஊனமுற்றோரின் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் உட்பட 1971 போருக்குப் பின் வந்த தனிச் சலுகை இருக்கிறது. 2017இல் அதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் 2018 மார்ச்சில் அந்த வரம்பை நீக்கினார்கள். மனம் வைத்தால் சில மாதங்களில் திருத்த முடியும் என்பதற்கு உங்கள் அமைச்சகமே சாட்சி. ஆனால் விபத்திலோ நோயிலோ இறந்தவரின் குடும்பத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்களுக்கு 2018 ஆணையில் ஒரு பத்தி இருக்கிறது: கணவனோ மனைவியோ அரசுப் பணியிலோ அரசு சார்ந்த நிறுவனத்திலோ இல்லாவிட்டால், இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் எதுவரை பெற்றிருப்பாரோ அதுவரை கல்விப் படியும் விடுதி மானியமும் பிள்ளைகளுக்குத் தொடரும். பெரும்பாலான கைம்பெண்களுக்கு இதை யாருமே சொல்வதில்லை. குடும்ப ஓய்வூதியத் தாள்களோடு இதற்கான ஒரு பக்கக் குறிப்பையும் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, எங்கே விண்ணப்பிப்பது என்பது. இறந்தவர் கடைசியாகப் பணியாற்றிய அலுவலகம் தொகையைத் தர வேண்டும் என்பது விதி. சிவில் அலுவலகம் இருந்த இடத்திலேயே இருக்கும். யூனிட் இடம்பெயர்ந்துவிடும். கமாண்டிங் ஆபீசரும் மாறியிருப்பார், கிளார்க்கும் மாறியிருப்பார். வேலூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் ஒரு தாய் யூனிட் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்க முடியுமா? ராணுவத்தில் இந்தப் பொறுப்பை ரெக்கார்டு ஆபீசிடம் கொடுங்கள். அது ஊர் மாறாது. வெல்லிங்டன், பெங்களூரு, செகந்திராபாத், ஜபல்பூர் என்று அதற்கு நிலையான முகவரி உண்டு, இறந்தவரின் முழுக் கோப்பும் அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இதற்கு மட்டும் நிதி வேண்டும். சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பலர் நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். பிள்ளை அப்போது ஆறாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருக்கும். ஓய்வு பெற்ற கல்வியாண்டின் முடிவோடு விடுதி மானியம் நின்றுவிடும். அதற்குப் பிறகு, முன்னாள் படைவீரர் நலனுக்கான கேந்திரிய சைனிக் போர்டு கொடிநாள் நிதியிலிருந்து தரும் கல்வி உதவிதான். அந்த உதவி 2025 நவம்பர் 1 முதல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ஆக இரட்டிப்பானது, அதற்கு நன்றி. இருந்தாலும் 1,01,250 வரை கிடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்கு இனி ஆண்டுக்கு 24,000. அதுவும் ஹவில்தார் வரைக்கும்தான். அடுத்த ரேங்கான நாயிப் சுபேதாராக ஓய்வு பெற்றவருக்கு அதுவும் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் விடுதியை விட்டு வெளியேறும் பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வைப் புதிய பள்ளியில், புதிய ஊரில் எழுதுகிறது. ஓய்வு பெறும்போது எட்டு முதல் பத்து வரை படிக்கும் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு முடியும் வரையும், பதினொன்றில் இருக்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டு முடியும் வரையும் விடுதி மானியத்தை நீட்டித்துக் கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு அதிகபட்சம் இரண்டு மூன்று ஆண்டுதான். படைவீரர் கொடிநாள் நிதியிலிருந்து அந்தக் கல்வி உதவி பெறும் தகுதியை நாயிப் சுபேதார் முதலான ஜேசிஓக்களுக்கும் விரிவுபடுத்துங்கள்.

இவற்றில் சான்றிதழ் மாதிரி, பன்னிரண்டு மாதக் கணக்கு, இனிஷியல், 50 கிலோமீட்டர் விளக்கம் ஆகிய நான்குக்கும் ஒரே சுற்றறிக்கை போதும். அது மார்ச் மாதத்துக்குள் தமிழிலும் ஆங்கிலத்திலும் விடுதிப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தால், ஏப்ரலில் கொடுக்கும் சான்றிதழ்களையே புதிய மாதிரியில் வாங்கிவிடலாம். மாதிரிப் படிவத்தை நாங்களே இரு மொழியிலும் தயாரித்து வைத்திருக்கிறோம். கேட்டால் உடனே அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
படைவீரர் குடும்பங்களின் கல்விப் படி விண்ணப்பங்களுக்கு உதவுவோர்,
சென்னை.